மூலம்தான் என்று நினைத்தோம்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது குடமுருட்டி ஆறு. இந்தக் கரையில்தான் அப்பா சம்பா நடுவார். இன்றைக்கு வயலைக் காட்ட வரவில்லை. நம் வீடுகளில் சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். மலத்தில் ரத்தம்.

அப்பாவுக்கு அப்போது 47 வயது. காலையில் ஒரு தடவை கொல்லைக்குப் போகிறவர், மூன்று நான்கு தடவை போக ஆரம்பித்தார். போய்விட்டு வந்தாலும் வயிறு காலியான மாதிரியே இல்லை என்பார். ரத்தம் பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் குடித்தார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பவுத்திரம்’ நோட்டீஸைப் பார்த்து அங்கே போனார். சோதித்துக்கூடப் பார்க்காமல் மருந்து கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் அப்படியே ஓடிவிட்டது.

ஒரு நாள் நாற்றுமுடியைத் தூக்கி வந்தவர் பாதி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தால், உள்ளே வெளேரென்று இருக்கிறது. ஹீமோகுளோபின் 7. குடலில் வந்த புற்று அதற்குள் கல்லீரலுக்குப் போயிருந்தது.

ரத்தம் என்றால் பெரும்பாலும் மூலம்தான், சரி. ஆனால் சோதித்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும். மூலம் இருக்கிறவருக்கே புற்றும் இருக்கலாம். மலம் மெலிந்து போவது, வாரக்கணக்கில் மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, இதையெல்லாம் விடாதீர்கள். முக்கியமாக ரத்தசோகை. குடலின் வலப்பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமலே கசியும். இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல், ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பீடி, குடி, தொப்பை, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். அப்பாவிடம் பீடி மட்டும்தான். வயலில் உழைக்கிற உடம்புக்கு எதுவும் வராது என்று நம்பியிருந்தோம்.

இந்தப் புற்று பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் என்கிற சின்னச் சதைமொட்டாகத்தான் தொடங்கும். புற்றாக மாற 10 வருடம் போல ஆகும். அதற்குள் எடுத்துவிடலாம். அமெரிக்காவில் 2021 முதல், தொந்தரவு இல்லாதவர்களையும் 45 வயதிலேயே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்னால், எது முந்தியோ அப்போது. எனக்குக் கணக்கு 37.

போன மாதம் கொலோனாஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனை, செய்துகொண்டேன். முதல் நாள் இளநீரும் வடித்த கஞ்சித் தண்ணீரும்தான். சாயங்காலம் பேதி மருந்து, ராத்திரி தூக்கமே இல்லை. பரிசோதனையில் மயக்கம் கொடுத்ததால் வலி தெரியவில்லை. மிளகு அளவில் ஒரு பாலிப் இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

தம்பிக்கு இப்போது 36. திருப்பூரில் இருக்கிறான். தை பிறந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.