டென்ஷன் என்ற ஒற்றைச் சொல்

நடுவர் அவர்களே! பெண்களின் மாரடைப்புக்குப் பெரிய காரணம் மன அழுத்தமா, அளக்காமல் விட்ட ரத்த அழுத்தமும் சர்க்கரையுமா என்பது கேள்வி. மன அழுத்தமே என்று எதிரணித் தோழி முழங்கிவிட்டு அமர்ந்தார். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வருமா, குழுத் தவணைக்கு என்ன செய்வது என்று அடுக்கினார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வும் மன அழுத்தத்தைச் சேர்த்தது. ஒன்பது காரணங்களில் ஒன்றாக! ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, புகை எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

நடவு வயலில் "மனசு சரியில்லை, ஒரு வாய் போட்டுக்கிறேன்" என்று சுருக்குப் பையை அவிழ்த்தால் வெற்றிலை மட்டுமா வருகிறது? கூடவே ஒரு துண்டு புகையிலை. அதன் நிக்கோடின் நாடியையும் பிரஷரையும் ஏற்றிவிடும். கும்பகோணம் வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை, உள்ளே மடித்து வைப்பதோடுதான்.

"பிரஷர் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுது" என்றார் தோழி. காட்டத்தான் செய்யும். ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றுகிறோம். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே கயிறாக இறுக்கும். கையைத் தொங்கவிட்டால் அளவு கூடும். காபி குடித்து அரை மணியாவது ஆகட்டும். முதுகைச் சாய்த்து, இரு பாதமும் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். வெறும் கையில் பட்டை, கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். வேறொரு நாளிலும் 140/90-க்குக் கீழே வராவிட்டால் அதன் பெயர் டென்ஷன் இல்லை.

இங்கேதான் அந்தச் சொல் ஆளைக் கவிழ்க்கிறது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. "இன்னிக்கு டென்ஷன் இல்லை, எதுக்கு மாத்திரை?" என்று அது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மனசு அமைதியாக இருக்கும் நாளிலும் பிரஷர் ஏறியே இருக்கும், தலைவலிகூட வராது.

துக்கத்தில் இதயம் தளருமே என்பார்கள். தளரும், அதற்கு டகோட்சுபோ என்று பெயர், ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். ஆனால் நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம், ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இதயப் புரதத்தின் ஏற்றம் எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும். இதய ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ பார்த்துத்தான் பிரிக்க முடியும். எழவு வீட்டில் ஒருத்தி மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், "அழுது களைச்சிருக்கா, படுக்கட்டும்" என்பீர்களா, 108-ஐக் கூப்பிடுவீர்களா? எதிரணி பதில் சொல்லட்டும்.