வாள் உறைக்குத் திரும்பும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய வாள் என்றதும் மின்னல் மாதிரி உருவி ஒரே வீச்சில் முடிக்கும் சினிமாக் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வரும். வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்தபோது, நானும் அந்த வீச்சுக்கு ஆசைப்பட்டுத்தான் இயாய்டோ பழகப் போனேன். வாளை உறையிலிருந்து உருவும் கலை அது. நிஜமான எதிராளி கிடையாது. எதிரே ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டும். அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் இதற்கு 12 முறைகளை வகுத்திருக்கிறது. பன்னிரண்டிலும் வாள் உறையிலிருந்து புறப்பட்டு உறைக்கே திரும்பும்.

உருவி வெட்டுவதெல்லாம் ஓரிரு நொடிதான். திருப்பி வைப்பதில்தான் என் உயிர் போனது. இடது கை உறையின் வாயைப் பிடித்திருக்கும். அதற்குக் கொய்குச்சி, அதாவது கெண்டை மீனின் வாய் என்று பெயர். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வாளின் முதுகை வைத்து, நுனிவரை இழுத்து, நுனி உள்ளே விழுந்ததும் மெதுவாகச் செருக வேண்டும். இவ்வளவையும் உறையைப் பார்க்காமல் செய்ய வேண்டும். கண் அந்த எதிராளி விழுந்த இடத்தைவிட்டு அகலக் கூடாது.

பழகுகிறவர்களுக்குக் கூர் தீட்டாத வாள்தான் தருவார்கள். ஆனாலும் நுனி குத்தும். ஒருநாள் வெட்டு பிரமாதமாக விழுந்தது. அந்தப் பூரிப்பிலேயே உறையில் போடப்போய் இடது கையில் குத்திக்கொண்டேன். ஆசிரியர் மருந்து போட்டுவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார்: ஸன்ஷின்.

எஞ்சி நிற்கும் மனம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். செயல் முடிந்த பிறகும் கவனம் கலையாமல் இருப்பது. மூங்கில் வாளால் ஆடும் கெண்டோவில் இது விதியாகவே இருக்கிறது. அடி சரியாக விழுந்தாலும் அதற்குப் பின் ஸன்ஷின் இல்லையென்றால் புள்ளி இல்லை. நடுவர்கள் கொடி உயர்த்திய பிறகு கையை ஓங்கிக் குதித்தால், கொடுத்த புள்ளியையும் திரும்ப வாங்கிவிடலாம். கோல் போட்டவர் மைதானம் முழுக்க ஓடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாள் சண்டையில் வென்றுவிட்டோம் என்று மனம் துள்ளுகிற நொடியில்தான் ஆள் அசந்திருப்பான். அப்புறம், அடிபட்டவர் எதிரிலேயே நிற்கிறார், அவர் மனம் என்ன பாடுபடும்?

1876இல் சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்தது. 1945இல் போரில் தோற்ற பிறகு பள்ளிகளில் கெண்டோவும் நிறுத்தப்பட்டது. சம்மேளனம் 1952இல்தான் உருவானது. வெட்டுவதற்கு யாரும் இல்லாத காலத்திலும் இந்தக் கலை பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், அது மனிதனைப் பண்படுத்துகிறது என்ற நம்பிக்கை. 1975இல் சம்மேளனம் வெளியிட்ட கொள்கையும் வாளின் நெறிவழியே மனிதனை உருவாக்குவதுதான் நோக்கம் என்கிறது.

என்னிடம் அது எங்கே வேலை செய்தது என்றால், சண்டைகளில். வீட்டில் கோபமாகப் பேசுவேன், நியாயமும் பெரும்பாலும் என் பக்கம்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். இப்போது அப்படிப் போவதில்லை. என் சொல் எங்கே போய் விழுந்தது என்று எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன். சரி, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று பல நேரம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

மக்னோலியா மரத்தைக் குடைந்து, அந்தந்த வாளின் வளைவுக்கு ஏற்றபடி உறை செய்வார்கள். ஒன்றின் உறை இன்னொன்றுக்குச் சேராது. அதனால்தான் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் வளைவு பொருந்தவில்லை என்பார்கள் ஜப்பானியர். பிரிந்துபோன கணவனும் மனைவியும் மறுபடி சேர்ந்தால், பழைய உறைக்கே திரும்பியாயிற்று என்பார்கள்.