அட்லாண்டாவின் ஓக்லாந்து: பூங்காவாகவும் விளங்கும் கல்லறைத் தோட்டம்

(காட்சி: செங்கல் வளைவு வாயில், உள்ளே நடைப்பயிற்சி செய்பவர்கள், நாயுடன் செல்லும் ஒருவர்.)

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், நகர மையத்திற்குக் கிழக்கே, செங்கல் மதிலுக்குள் 48 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கிறது ஓக்லாந்து கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 70,000 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான இந்த இடத்திற்கு மக்கள் பூங்காவுக்கு வருவதைப் போலவே வருகிறார்கள். நடக்கிறார்கள், பூச்செடிகளைப் பார்க்கிறார்கள், மர நிழலில் அமர்ந்து கொண்டுவந்த உணவை உண்கிறார்கள்.

கல்லறைகளுக்கு நடுவே இப்படிப் பொழுதைக் கழிப்பது மரியாதைக் குறைவல்லவா என்று நம்மில் பலருக்குத் தோன்றலாம். ஆனால், இது பழைய கல்லறை ஒன்றைப் பிற்காலத்தவர் பூங்காவாக்கிக்கொண்ட கதை அன்று. தொடக்கத்திலிருந்தே இந்த இடம் இரண்டுமாக இருந்தது.

(காட்சி: பழைய ஓவியங்கள்; மரங்கள் சூழ்ந்த சரிவுகள், வளைந்து செல்லும் பாதைகள்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு நாடுகளின் நகரங்கள் வேகமாகப் பெருகியபோது, தேவாலயங்களை ஒட்டிய சிறிய இடுகாடுகளில் இடம் போதாமல் போனது. பாரிஸ் நகரம் 1804ஆம் ஆண்டில் பெர் லஷேஸ் கல்லறையைத் திறந்தது. பாஸ்டனுக்கு அருகே 1831இல் மவுண்ட் ஆபர்ன் உருவானது. மரங்களும் சரிவுகளும் நடைபாதைகளும் கொண்டு வடிவமைக்கப்பட்ட இத்தகைய இடங்கள், பொதுப் பூங்கா என்ற ஒன்று அமெரிக்க நகரங்களில் பெரிதாக இல்லாத அந்தக் காலத்தில், குடும்பத்தோடு காற்று வாங்கச் செல்லும் இடங்களாகவும் ஆயின. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கான வடிவமைப்பே 1858இல்தான் தேர்வு செய்யப்பட்டது.

அட்லாண்டா 1850ஆம் ஆண்டில் ஊருக்கு வெளியே வெறும் 6 ஏக்கர் நிலத்தை வாங்கி இந்தக் கல்லறையைத் தொடங்கியது. வட, தென் மாநிலங்களுக்கிடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களைப் புதைக்க வேண்டியிருந்ததால் அது விரைவில் பல மடங்கு விரிந்தது. ஓக் மரங்கள் நிறைந்திருந்ததால் 1872இல் ஓக்லாந்து என்ற பெயரைப் பெற்றது. இங்கே கல்லறை மனைகளை வாங்கிய குடும்பங்கள் அவற்றைச் சுற்றித் தாழ்வான கல்வரம்பு கட்டி, ஏறும் படியில் குடும்பப் பெயரைப் பொறித்து, வீட்டு முற்றத்தைப் போலவே செடி வளர்த்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் உணவுடன் வந்து, களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, மாலை வரை இருந்துவிட்டுப் போனார்கள்.

(காட்சி: கல் மண்டபத்தின் மேல், நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரின் சிலை.)

வாயிலைக் கடந்ததும் கண்ணில் படுவது ஜாஸ்பர் நியூட்டன் ஸ்மித் என்ற கட்டட வணிகரின் சிலை. தம் கல்லறை மண்டபத்தின் மேலேயே நாற்காலி போட்டு அமர்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அது வடிக்கப்பட்டுள்ளது. அவர் கழுத்தில் டை அணிவதையே வெறுத்தவர் என்றும், சிற்பி முதலில் டையோடு செதுக்கிவிட, அதை நீக்கும்வரை பணம் தரமாட்டேன் என்று மறுத்தவர் என்றும் சொல்வார்கள். சிலையின் கழுத்தைக் கூர்ந்து பாருங்கள், டை இல்லை. இன்னொரு பகுதியில் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸின் எளிய கல்லருகே, ரசிகர்கள் வைத்துச் சென்ற கோல்ஃப் பந்துகள் புல்லில் சிதறிக் கிடக்கும்.

பெரும்பாலான பார்வையாளர்கள் இத்தகைய சில கல்லறைகளோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஓக்லாந்தின் முக்கியமான பகுதிகளில் கற்களே மிகக் குறைவு. ஒரு நகரம் தன் மக்களை எப்படித் தரம் பிரித்தது என்பதைப் பார்க்க விரும்புபவர் அங்கேதான் நடக்க வேண்டும்.

(காட்சி: உயர்ந்த கருங்கல் தூண், வரிசை வரிசையாகச் சிறிய வெள்ளைக் கற்கள்.)

உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் வீரர்கள் ஏறக்குறைய 6,900 பேர் இங்கே புதைக்கப்பட்டுள்ளார்கள். அவர்களுக்காக 65 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று 1874இல் எழுப்பப்பட்டது. பெயர் தெரியாத சுமார் 3,000 பேருக்காக 1894இல் வைக்கப்பட்ட பளிங்குச் சிங்கம், பலமுறை சேதப்படுத்தப்பட்ட பின் 2021இல் அகற்றப்பட்டது.

அதே நகரம் கறுப்பின மக்களை எப்படி நடத்தியது? 1850களில் அவர்களுக்குக் கல்லறையின் பின்கோடியில் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதன் பெயரே அடிமைச் சதுக்கம். சுற்றியிருந்த நிலத்தின் மதிப்பு உயர்ந்ததும், 1877இல், அந்த உடல்களைத் தோண்டியெடுத்து வேறிடத்தில் புதைத்துவிட்டு, காலியான மனைகளை வெள்ளையர்களுக்கு விற்க நகர மன்றம் முடிவு செய்தது. 12,000க்கும் மேற்பட்டோர் உறங்கும் இன்றைய கறுப்பினப் பகுதியில் பலரின் அடையாளம் மரப்பலகையாகவோ நட்டுவைத்த செடியாகவோதான் இருந்தது. மரம் உளுத்துப்போனது, செடியைப் பின்னால் வந்தவர்கள் அடையாளம் அறியாமல் வெட்டியெறிந்தார்கள். தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியைக் கொண்டு ஆய்வு செய்தபோதுதான், வெறும் புல்தரை என்று நினைத்த இடத்தில் நூற்றுக்கணக்கான கல்லறைகள் இருப்பது தெரியவந்தது. அண்மை ஆண்டுகளில் அந்தப் பகுதி முழுவதும் அக்கறையோடு சீரமைக்கப்பட்டுள்ளது.

(காட்சி: கேரி ஸ்டீல் லோகனின் நினைவுக்கல், அண்மைக் காட்சி.)

அங்கே கேரி ஸ்டீல் லோகனின் கல்லறையைத் தேடிச் சென்று பாருங்கள். அடிமையாகப் பிறந்த இவர், அட்லாண்டா ரயில் நிலையத்தில் வேலை பார்த்தபோது, கைவிடப்பட்ட குழந்தைகளைக் கண்டு தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பிறகு 1888இல் ஓர் அநாதை இல்லத்தையே நிறுவினார். அவருடைய கல், அவரை அநாதைகளின் தாய் என்று குறிப்பிடுகிறது.

(காட்சி: மரங்கள் நிற்கும் அகன்ற புல்வெளி.)

பக்கத்திலேயே ஏழரை ஏக்கர் பரப்புள்ள அழகிய புல்வெளி விரிகிறது. விரிப்பைப் போட்டு அமர இதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். மனை வாங்க வழியற்ற ஏழைகளை நகரச் செலவில் புதைத்த இடம் அது. சுமார் 7,500 பேர் அந்தப் புல்லுக்கு அடியில் இருக்கிறார்கள். அங்கே அமர்வது தவறு என்று நான் கருதவில்லை; எங்கே அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்து அமர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

(காட்சி: மணிக்கூண்டுக் கட்டடம், செங்கல் நடைபாதை.)

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கிங் மெமோரியல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம்; நுழைவுக் கட்டணம் இல்லை. கோடையில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே செல்வது நல்லது. பளிங்கு மென்மையான கல். நூறாண்டு மழையில் எழுத்துகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கின்றன, ஆகவே கற்களில் சாயவோ, எழுத்தைத் தேய்த்துப் படியெடுக்கவோ வேண்டாம். 2008 மார்ச்சில் வீசிய சூறாவளி பெருமரங்களைச் சாய்த்துப் பல நினைவுச் சின்னங்களை உடைத்தது. அவற்றைச் சரிசெய்ய ஆண்டுகள் பிடித்தன. 1976இல் தொடங்கப்பட்ட வரலாற்று ஓக்லாந்து அறக்கட்டளைதான் சீரமைப்புப் பணிகளை முன்னின்று நடத்துகிறது. செடி நடவும் களை எடுக்கவும் அது தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அட்லாண்டாவில் வசிப்பவர்கள் அந்த வேலையில் தாராளமாகப் பங்குபெறலாம்.