பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு ராஜா

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியிலிருந்து கடலைப் பார்க்க எந்தத் திசையில் கிளம்பினாலும் குறைந்தது நாலு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். நமக்கு மீன் என்றால் கே.ஆர்.பி. அணை மீன், இல்லையென்றால் ஒகேனக்கல் மீன். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இருபது வருஷமாகக் கடல் மீன் வளர்க்கிறேன். சாப்பிட அல்ல, பார்க்க. "ஊர்ல எல்லாரும் மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறாங்க, நீங்க மீனுக்கு இறால் வாங்கிப் போடறீங்க" என்பது என் வீட்டம்மாவின் நிரந்தரக் குறை.

பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் பழைய மாணவன் ஒருவன் தேடி வந்தான். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓட்டல் கட்டி முடிக்கும் வேலையில் இருந்தான். கூடத்தில் எட்டடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறானாம். "சார், வர்றவங்க வாயப் பொளந்து பாக்கணும். பெரிய மீனா ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

"பெரிய மீன் கேக்கறியா, பெருசாகப் போற மீன் கேக்கறியா?" என்று கேட்டேன். முழித்தான். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் கன்று பிடிக்கப் போகிறவர் என்ன செய்கிறார்? கன்றையா பார்க்கிறார்? அது நாளைக்கு என்ன மாடாக நிற்கும் என்பதைத்தானே பார்க்கிறார். தாய் எது, கால் எப்படி, சுழி எங்கே என்று விசாரிக்கிறார். அதே மனிதர் மீன் கடைக்குள் போனால் நிறத்தைப் பார்த்து மயங்கிப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். நானும் நீட்டியவன்தான்.

அந்தக் கதையைச் சொல்லாமல் முடியாது. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு தொட்டியில் இரண்டு அங்குலக் குட்டி ஒன்று. வெள்ளை உடம்பு, மேலெல்லாம் மை தெளித்த மாதிரி கறுப்புப் பொட்டு. தலையைக் கீழே சாய்த்து, துடுப்பைப் பட்டாம்பூச்சி போல அடித்துக்கொண்டு நீந்தியது. ஆக்சிஜன் நிரப்பிய பையில் வாங்கி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அப்போது என்னிடம் இருந்தது நாலடித் தொட்டி. கோமாளி மீன் இரண்டு, நீலக் குட்டி மீன்கள் ஐந்து.

பத்து நாள் கழித்து நீலம் நாலுதான் இருந்தது. துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். அடுத்த வாரம் மூன்று. பக்கத்து வீட்டுப் பூனை மேல் சந்தேகம் வந்து தொட்டியை மூடிப் பார்த்தேன். இரண்டு. வாத்தியார் புத்தி போகுமா? காலையில் எழுந்ததும் நோட்டு எடுத்து மீன்களுக்கு வருகைப் பதிவு போட ஆரம்பித்தேன். ஒருநாள் விளக்கைப் போட்டால், என் பட்டாம்பூச்சியின் வாயிலிருந்து ஒரு நீல வால் நீட்டிக்கொண்டிருக்கிறது! அது பாட்டுக்கு என்னைப் பார்த்தபடி நின்றது, குற்ற உணர்ச்சியே இல்லாமல்.

இரண்டு வருஷத்தில் அது ஒரு அடியை நெருங்கியது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீனவரிடம் அதன் படத்தைக் காட்டினேன். "சார், இது களவா ஜாதி. கொழம்பு வச்சா நல்லா இருக்கும்" என்றார். இருபத்தெட்டு அங்குலம் வரை, அதாவது 70 சென்டிமீட்டர் வரை வளரும் ஜாதி அது. கடைக்காரர் சொல்லவில்லை என்று நான் குறைப்படவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதைக் கே.ஆர்.பி. அணையில் விட முடியாது, நன்னீரில் செத்துப்போகும். கடலில் கொண்டுபோய் விடுவதும் தப்பு. தொட்டியின் நோயைக் கடலுக்குக் கொடுத்த மாதிரி ஆகும். கடைசியில் பெங்களூரில் பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவர் எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன், கன்றைப் பார்க்காதீர்கள், மாட்டைப் பாருங்கள்.

சரி, மாணவன் விஷயம். அவன் முதலில் கேட்டது சுறா. கருந்துடுப்புச் சுறா ஐந்தடிக்கு வளரும். எட்டடித் தொட்டியில் அது திரும்பவே முடியாது. அடுத்து ராட்சதக் களவா வேண்டும் என்றான். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஓட்டல் திறக்கும் முன்பே மூட வேண்டி வரும். கடல்குதிரையும் உயிருள்ள பவளமும் அப்படியே. யார் கொடுத்தாலும் கை நீட்டாதீர்கள். சிங்க மீன்? அழகுதான், முதுகு முள்ளில் விஷம். தொட்டியைச் சுத்தம் செய்யும் பையன் கையை விட்டால் தெரியும். கோமாளிக் கிளாத்தி என்று ஒன்று உண்டு, கறுப்பு வயிற்றில் முட்டை முட்டையாக வெள்ளைப் புள்ளி, மஞ்சள் உதடு. எனக்கே ஆசைதான். ஆனால் அதன் பல்லுக்கு நத்தை ஓடே உடையும், மின்சார ஒயர் எம்மாத்திரம்.

நான் சொன்னது எம்பரர் ஏஞ்சல். சக்கரவர்த்தி. வளர்ந்தால் ஒன்றேகால் அடிக்கு வரும். நீல உடம்பில் மஞ்சள் கோடு கோடாக, பட்டுப்புடவைக் கரை மாதிரி. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. இதன் குட்டியைப் பார்த்தால் சத்தியமாக வேறு மீன் என்பீர்கள். கருநீலத்தில் வெள்ளை வளையம், வளையத்துக்குள் வளையம். நம்மை மட்டும் அது ஏமாற்றவில்லை. ப்ளாக் என்ற ஜெர்மன் அறிஞர் 1787ல் பெரிய மீனுக்குப் பெயர் வைத்தார். 1801ல் வந்த நூலில் அதன் குட்டிக்கு நிக்கோபார் பெயரில் தனி மீனாகவே இடம் கொடுத்துவிட்டார்கள். அப்பனையும் பிள்ளையையும் வேறு வேறு ரேஷன் கார்டில் எழுதிய கதை.

ஓட்டலுக்கு ஏன் இது என்றால், பழகிவிட்டால் மனிதரைப் பார்த்துக் கண்ணாடிக்கு வரும். கூச்ச சுபாவம் கிடையாது. நன்றாக வைத்துக்கொண்டால் இருபது வருஷம்கூட இருக்கும். ஆனால் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இரண்டு சக்கரவர்த்தி ஒரே கோட்டையில் இருக்க மாட்டார்கள். சின்ன மீன்களை முதலில் விட்டு, ராஜாவைக் கடைசியாக விடுங்கள். ரொம்பப் பொடியும் வேண்டாம், முழு வளர்ச்சியும் வேண்டாம். உள்ளங்கை அளவில், வளையம் கலைந்து கோடு விழ ஆரம்பித்தது கிடைத்தால் எடுங்கள்.

தண்ணீர். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லே சொல்லும். ஆழ்குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவை. சமையல் உப்பு இல்லை, மறுபடியும் சொல்கிறேன், சமையல் உப்பு இல்லை. இவனுடைய தொட்டிக்கு 1,400 லிட்டர், ஐம்பது கிலோ உப்பு ஆயிற்று. ஆர்.ஓ. கழிவு நீர் ஓட்டலுக்குப் பின்னால் கழிவறைக்குப் போகிறது. வடிகட்டி அமைப்பைப் படம் போடாமல் விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

இந்த வானொலி அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தானாம். நானும் இப்போது தொட்டிக்குள்தான் இருக்கிறேன் போல.

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் மீனுக்கு உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். வயிறு ஒட்டியிருந்தாலும், மூச்சு வாங்கினாலும் வேண்டாம். இன்றைக்கு வந்திறங்கியது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போங்கள். சில நாடுகளில் சயனைடு தெளித்துப் பிடிப்பார்கள், அப்படிப்பட்டது சில வாரத்தில் செத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தனித் தொட்டியில் ஒரு மாதம். வெண்புள்ளி நோய்... அது இன்னொரு நாள் பேச வேண்டியது.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர், கோடைக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர், இரண்டும் கட்டாயம்.

மாணவன் இன்னும் மீன் வாங்கவில்லை. புதுத் தண்ணீரில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அங்கே எட்டடித் தொட்டி, கல்லு, விளக்கு எல்லாம் இருக்கிறது, வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "மீன் எங்கப்பா?" என்று கேட்கிறார்களாம். "சார் இன்னும் உத்தரவு குடுக்கல" என்று என்னைக் கைகாட்டுகிறானாம்.

வணக்கம்.