பஞ்ச் யாரைப் பார்த்துச் சிரித்தது?

அவையோருக்கு வணக்கம். 1841-ல் லண்டனில் ‘பஞ்ச்’ என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. அதன் கேலிச்சித்திரக்காரர்கள் அந்த நூற்றாண்டில் திரும்பத் திரும்பத் தொட்ட விஷயங்களில் இரண்டு, சாவு வீடும் கல்யாணப் பேச்சும். கேலி என்றால் நான் முதலில் பார்ப்பது, அடி யார் மேல் விழுகிறது என்பதைத்தான்.

சாவு வீட்டை எடுத்துக்கொள்வோம். அன்றைய லண்டனில் ஓரளவு வசதியானவர் இறந்தால், வாசலில் கறுப்பு உடையில், கையில் கோலோடு, வாய் திறக்காமல் சோகமாக நிற்பதற்கென்றே கூலிக்கு ஆள் வைப்பார்கள். சவ வண்டிக் குதிரைகளின் தலையில் கறுப்புத் தீக்கோழி இறகு ஆடும். விதவைக்கு இரண்டு வருடமாவது துக்க உடை. அந்தத் துணிகளுக்கென்றே ரீஜன்ட் தெருவில் பெரிய கடை இருந்தது. ஏழைகளோ அடக்கச் செலவுக்காகச் சங்கம் சேர்ந்து, சாப்பாட்டுக் காசிலிருந்து சந்தா கட்டினார்கள். இந்தச் செலவு குடும்பங்களை எப்படி நசுக்குகிறது என்று சமூகச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் 1843-ல் அறிக்கையே கொடுத்தார். பஞ்ச் கேலி செய்தது அழுதவர்களை அல்ல, அந்த அழுகைக்கு பில் போட்டவர்களை. அதனால்தான் அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும்.

அரசியையும் அது விடவில்லை. கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்தபின் விக்டோரியா பொதுவெளிக்கு வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். 1865 செப்டம்பரில் பஞ்ச் ஓவியர் ஜான் டென்னியல் ஒரு படம் வரைந்தார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சிலையாக நிற்கும் ஹெர்மியோனியைப் போல அரசி பீடத்தின் மேல் நிற்கிறார். ‘நேரமாகிவிட்டது, இறங்கி வா, இனியும் கல்லாக இராதே’ என்று பிரிட்டனையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா அழைக்கிறாள். துக்கத்தை மதித்துக்கொண்டே கடமையையும் நினைவூட்டும் படம். அடுத்த பிப்ரவரியில் அரசி நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க நேரில் வந்தார். கறுப்பை மட்டும் 1901-ல் இறக்கும்வரை விடவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். ‘கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வேண்டாம்’ என்று 1845-ல் பஞ்ச் எழுதியது இன்றும் பிரபலம். பஞ்ச்சின் இன்னொரு ஓவியரான டு மோரியேயின் படங்களில் பணக்கார மாப்பிள்ளை தேடி வலைவீசும் தாய்மார்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவரை நியாயம்தான். ஆனால் கல்யாணமாகாமல் வயதான பெண்களையும் அதே பத்திரிகை விடாமல் கிண்டலடித்தது. 1851 கணக்கெடுப்பின்படி பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 5 லட்சம் அதிகம். நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குக் கௌரவமான வேலை என்றால் பெரும்பாலும் பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுதான், சம்பளமும் சொற்பம். இவர்களை வைத்து வரைந்த படங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது.