டயர் கம்பெனிக்கு பவுலர் எதுக்கு?

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனிங்க மக்களுக்கு செய்யுற உதவியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. கலை, படிப்பு, விளையாட்டு, தர்மகாரியம்னு நாலும் வரணுமாம். நான் விளையாட்டுல ஆரம்பிக்கிறேன், என்னைத் தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பாங்க.

1987ல எம்ஆர்எஃப் டயர் கம்பெனி, வேகப்பந்து வீச்சு கத்துக்குடுக்க சென்னைல எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன்னு ஒரு பயிற்சி மையம் ஆரம்பிச்சாங்க. டயர் விக்கிற கம்பெனிக்கு வேகப்பந்து வீச்சு எதுக்குன்னு கேக்கலாம்தான், ஆனா அப்போ நம்ம நாட்டுல கபில்தேவை விட்டா வேகமா போட ஆள் எங்க இருந்தாங்க சொல்லுங்க, எல்லாம் ஸ்பின்தான். ஆஸ்திரேலியால இருந்து பெரிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியையே பயிற்சி குடுக்க கூட்டிட்டு வந்துட்டாங்க. சின்னப் பையனா இருந்த சச்சின் பவுலர் ஆகணும்னு அங்க போய் நின்னாரு, லில்லி பாத்துட்டு, நீ போய் பேட்டிங்கைப் பாருப்பான்னு அனுப்பிட்டாரு. இந்தக் கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனா எனக்குப் பிடிச்சது அது இல்ல. அதே லில்லி 2012 வரைக்கும் அங்க வந்துட்டு இருந்தாரு, அப்புறம் இன்னொரு ஆஸ்திரேலிய பவுலர் மெக்ராத் வந்தாரு. 25 வருஷம்ங்க! ஸ்ரீநாத், ஜாகீர் கான்லாம் அங்க பயிற்சி எடுத்தவங்க. ஒரு நாள் மேடை போட்டு கிட் பேக் குடுத்து போட்டோ எடுத்திருந்தா இவங்க வந்திருப்பாங்களா?

நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான், பொருள் குடுக்குறது ஈஸி, கூடவே இருக்குறதுதான் கஷ்டம்.

படிப்புக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூலுக்கு ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் ரூம் கட்டிக் குடுத்துச்சு. கதவு சைஸுக்கு அட்டைல செக், ரிப்பன், எல்லாம் ஜோர். கொஞ்ச நாள்ல யுபிஎஸ் பேட்டரி செத்துப்போச்சு. மாத்த காசு யார் போடுறதுன்னு ஸ்கூலும் கம்பெனியும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்ட, ரூமைப் பூட்டிட்டாங்க, ஆனா பாருங்க, வாசல்ல கம்பெனி பேருக்கு மட்டும் தவறாம புது பெயின்ட் அடிக்கிறாங்க.

சட்டம் இல்லாம இல்ல. 2014 ஏப்ரல்ல இருந்து, வருஷ லாபம் 5 கோடியோ, விற்பனை 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் இந்த மாதிரி வேலைக்கு செலவு பண்ணணும். சொந்த ஊழியருக்கு மட்டும் பண்றது கணக்குல வராது. எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, விளையாட்டுன்னு வரும்போது அதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? பயிற்சின்னு. டி-ஷர்ட்டுன்னு இல்ல! தொடர் திட்டம்னா ஆரம்பிச்ச வருஷம் போக இன்னும் மூணு வருஷம் நடத்தலாம். லில்லி கணக்குக்கு அது கம்மிதான், ஒரு கோச்சுக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்கவாவது ஆகும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, கலையை நான் தொடவே இல்ல, சீக்கிரம் சொல்லிடுறேன். கச்சேரி மேடைக்குப் பின்னாடி கம்பெனி பேனர் கட்டுறது விளம்பரம், மார்க்கெட்டிங்குக்காக பண்ற ஸ்பான்சர்ஷிப்பை சட்டமே இதுல சேர்க்கறதில்ல. அதுக்குப் பதிலா கூத்து கத்துக்குற பிள்ளைங்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை, வாத்தியாருக்கு சம்பளம்னு குடுக்கலாம். தர்மகாரியத்துக்கு நேரமே இல்ல, ஒண்ணே ஒண்ணு, உங்க ஸ்கூலுக்கோ கிளப்புக்கோ கம்பெனிக்காரங்க வந்தா என்ன தருவீங்கன்னு கேக்காதீங்க, ரிப்பேருக்கு அடுத்த வருஷம் யாருக்கு போன் பண்ணணும்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. வணக்கம்.