கோவிலுக்குள் யார் எங்கே உட்காருவது?

அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவை உறுப்பினர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கிராமத்துக் கிறிஸ்தவக் கோவில்களில் சாதி பார்த்து இடத்துக்காக நடந்த சண்டைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். "அதெல்லாம் பழைய கதை, இப்போது ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். பழைய கதையாக இருந்தால் நானும் கிளற மாட்டேன்.

1745ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்ற வணிகர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். சம்பா கோவில் என்ற கத்தோலிக்க ஆலயத்தில் நடந்ததை ஊர்ச் செய்தியாகத்தான் எழுதிவைத்தார். அந்தக் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். அந்த அக்டோபரில் சேரி மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் கடவுள் எல்லாருக்கும் பொதுதானே, பிறகு இந்தச் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. அன்று மாலைப் பூசையில் எல்லாரும் கலந்து நின்றார்கள்.

அதே 1745இல், தெற்கே வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார், உண்டார். அது அவருடைய சாதியினருக்குப் பொறுக்கவில்லை. 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. நல்லது. ஆனால் அவர் தண்ணீர் வாங்கிய அந்த ஊரிலேயே பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1872இல் வடக்கன்குளத்தில் திருக்குடும்ப ஆலயம் எழும்பியது. வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடச் சண்டை தீரவில்லை என்பதற்காகக் கட்டடத்தையே இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டினார்கள். கால்கள் கூடும் இடத்தில் பீடம். இந்தக் காலில் இருப்பவருக்கு அந்தக் காலில் இருப்பவர் தெரியாது. இருவருக்கும் சாமியார் தெரிவார். கால்சட்டைக் கோவில் என்று பெயரே வந்துவிட்டது. ஒரு சண்டையைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் நிரந்தரமாக்கிய வேலை அது. 1910இல் கௌசானல் அடிகளார் நடுத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. நாடார்கள் தங்கள் பக்கம் வரக் கூடாது என்பது அவர்கள் வாதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 1916இல் தள்ளுபடி ஆனது.

சீர்திருத்த சபையாரும், அதாவது புராட்டஸ்டண்டுகளும், தங்களை விலக்கிக்கொள்ள முடியாது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் இராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். பறையர். ஊர் ஊராக அலைந்து சபைகளைக் கட்டியவர். 1741இல் குருப்பட்டத்துக்கு ஆள் தேடியபோது அவரை விட்டுவிட்டார்கள். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்ற பயம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கொந்தளிப்பு. சேர்ந்து உட்காரச் சொன்ன மிஷனெரிமார்களை எதிர்த்தவர்களில் தஞ்சாவூர்க் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் அது பொய்.

ஓர் இடத்துக்காகவா இவ்வளவு? ஆம். நம் ஊரில் இடம் என்றால் மரியாதை. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று கேட்டுப் பழகிய ஊர், ஞானஸ்நானம் வாங்கியபோது அந்தக் கணக்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. சாமியார்களில் பலர், கூட்டம் கலைந்துவிடும் என்று அஞ்சி, "ஊர் வழக்கம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியது நடுநிலை ஆகாது. புதுச்சேரியில் சுவர் விழுந்தது ஏன்? வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கேட்டார்கள், அதிகாரம் உள்ளவர் அவர்கள் பக்கம் நின்றார். வடக்கன்குளத்திலும் ஒரு சாமியார் பக்கம் எடுத்த பிறகுதான் தடுப்பு விழுந்தது. தானாக மனம் மாறி யாரும் தள்ளி உட்கார்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

இப்போது பெரும்பாலான கோவில்களில் நடுவில் சுவர் இல்லை. ஆனால் சண்டை வேறு இடங்களுக்குப் போய்விட்டது. திருவிழா வரி யாரிடம் வாங்குவது? வரி வாங்கவில்லை என்றால் விழாவில் உரிமை இல்லை, மண்டகப்படி இல்லை. சப்பரம் எந்தத் தெரு வரை வரும்? இறந்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் ஊர்ப் பொதுத் தூம்பா கிடைக்குமா? கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை? 2008 மார்ச்சில் எறையூரில் இந்த மனக்கசப்பெல்லாம் வெடித்தது. தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தனிக் கோவிலும் தனிச் சாமியாரும், கேட்டார்கள். கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். தனிப் பங்கு கேட்டது பிரிவினை என்று அப்போது சிலர் குறை சொன்னார்கள். ஒரே கூரைக்குள் தலைமுறை தலைமுறையாக ஓரத்தில் வைக்கப்பட்டவர்களைப் பார்த்துப் பிரிவினை என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

இன்னொன்று. கிறிஸ்தவரான தலித்தைச் சட்டம் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. அதனால் கோவில் வாசலில் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் துணையை அவர் நாட முடியாது. வெளியே அரசாங்கம் அவரைக் கிறிஸ்தவர் என்று தள்ளுகிறது, உள்ளே நாம் அவரைச் சாதி சொல்லித் தள்ளுகிறோம். அவர் எங்கே போவார்?

பங்குப் பேரவையினர் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது சிறிய காரியங்கள்தான். வரி நோட்டில் எல்லாக் குடும்பத்தின் பெயரும் இருக்கிறதா என்று இந்த வாரமே திறந்து பாருங்கள். சப்பரம் போகும் பாதையை எழுத்தில் வையுங்கள், சேரித் தெருவையும் சேர்த்து. தூம்பா எல்லாருக்கும் ஒன்று என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெரிய வியாழனன்று பாதம் கழுவ 12 பேரை உட்கார வைப்பீர்களே, அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார் என்று கேளுங்கள். எதிர்ப்பு வரும், கட்டாயம் வரும். அப்போது சாமியாரைத் தனியாக விடாமல் பேரவை முழுவதும் அவரோடு நின்றால், அடுத்த திருவிழாவுக்குள் இதைச் செய்துவிடலாம்.